டிராக்‌ஷன் கண்ட்ரோலை அணைத்தால் கார் வேகமாகுமா?

பந்தயத் தளத்தில் கார் ஓட்டுகிறவர்களிடையே நாற்பது ஆண்டுகளாகத் தீராத வாதம் ஒன்று உண்டு. டிராக்‌ஷன் கண்ட்ரோலை அணைத்துவிட்டு ஓட்டினால் சுற்று நேரம் குறையுமா, அல்லது அதைத் தன் வேலையைச் செய்ய விட்டால்தான் குறையுமா? பொறியாளர்கள் ஒரு விடை சொல்கிறார்கள், பந்தய வீரர்கள் வேறொன்று. ஓட்டுநர் பயிற்சியாளர்கள் கேள்வியையே மாற்றிக் கேட்கிறார்கள். சாலைப் பாதுகாப்பு ஆய்வாளர்களுக்கு இந்தக் கேள்வியே கவலை தருகிறது. எல்லாத் தரப்பிலும் ஓரளவு உண்மை இருப்பதால்தான் வாதம் இத்தனை காலம் நீடித்திருக்கிறது. ஒவ்வொரு தரப்பும் எந்தக் காலத்துக் காரை, எந்தச் சாலையை, எத்தகைய ஓட்டுநரை மனத்தில் வைத்துப் பேசுகிறது என்று பார்த்தால் முரண்பாடுகளில் பாதி தானே விலகும். மீதிப் பாதி உண்மையான முரண்பாடு.

டயரின் கணக்கு

டயர் துளியும் வழுக்காமல் காரைத் தள்ள முடியாது. ஆக்சிலரேட்டரை மிதிக்கும்போது இயங்கு சக்கரம் காரின் வேகத்தைவிடச் சற்று வேகமாகச் சுழல்கிறது. அந்த வேறுபாடே வழுக்கல். காய்ந்த தார்ச்சாலையில் இந்த வேறுபாடு ஏறக்குறைய 10 முதல் 20 விழுக்காடு வரை இருக்கும்போதுதான் முன்தள்ளும் விசை உச்சத்தைத் தொடுகிறது. அதைத் தாண்டினால் விசை குறையத் தொடங்கும். அதைவிட மோசமாகப் பாதிக்கப்படுவது பக்கவாட்டுப் பிடிமானம்.

டயரின் மொத்தப் பிடிமானம் மாதச் சம்பளம் மாதிரி: வாடகைக்குக் கொடுத்தது மளிகைக்கு மிஞ்சாது. வளைவில் திரும்புவதற்கே பிடிமானம் முழுவதும் செலவாகிக்கொண்டிருக்கும்போது ஆக்சிலரேட்டரை அழுத்தினால், பின்சக்கர இயக்கக் காரில் பின்பக்கம் வெளியே வீசும். முன்சக்கர இயக்கக் காரில் முன்பக்கம் வளைவை விட்டு அகன்று போகும். இந்தக் கணக்கை ஒரு வட்டமாக வரைந்து காட்டும் முறை ஜெர்மானியப் பொறியாளர் வூனிபால்ட் காம் பெயரால் இன்றும் அறியப்படுகிறது.

டிராக்‌ஷன் கண்ட்ரோல் செய்வது, சக்கர வேக உணரிகளை வைத்து இந்த வழுக்கலை அளந்து, அது ஓர் எல்லையைத் தாண்டும்போது எஞ்சினின் விசையைக் குறைப்பதோ சுழலும் சக்கரத்துக்கு மட்டும் பிரேக் போடுவதோதான். அந்த எல்லையை வகுப்பது யார், எதற்காக என்பதில்தான் வாதம் பிறக்கிறது.

பழைய காலம் விட்டுப்போன கெட்ட பெயர்

1971-இல் அமெரிக்காவின் ப்யூக் நிறுவனம் மேக்ஸ்‌டிராக் என்ற பெயரில் ஒரு மின்னணு ஏற்பாட்டை விற்றது. பின்சக்கரங்கள் அளவுக்கு மீறிச் சுழன்றால் எஞ்சினின் இக்னிஷனைத் துண்டித்துத் துண்டித்து விசையைக் குறைப்பது அதன் முறை. 1978-இல் மெர்சிடிஸ் எஸ்-கிளாஸில் வந்த பாஷ் நிறுவனத்தின் ஏபிஎஸ் (பிரேக் போடும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் ஏற்பாடு) சக்கர வேக உணரிகளைக் கொண்டுவந்தது. டிராக்‌ஷன் கண்ட்ரோலுக்கு அடித்தளம் அதுதான். 1985-இல் வால்வோவும், அடுத்த ஆண்டு பாஷ் உதவியோடு மெர்சிடிஸும் அதை அந்த அடித்தளத்தின் மேல் எழுப்பின.

இவை வேகத்துக்காகப் பிறந்தவை அல்ல. ஐரோப்பியக் குளிர்காலத்தில், பனி படிந்த மேட்டில், நிறைந்த சக்தியுள்ள பின்சக்கர இயக்கக் காரை ஒரு சாதாரண ஓட்டுநர் நகர்த்துவதற்காகப் பிறந்தவை. வழுக்கலைக் கண்டதும் விசையைப் பறித்து, தாமதமாகவே திருப்பிக் கொடுத்தன. பெட்ரோல் எஞ்சினில் திராட்டில் மூடிய பிறகும் உள்ளே போய்விட்ட காற்று-எரிபொருள் கலவை எரிந்தே தீரும் என்பதால் நுட்பமாகக் குறைப்பதும் அன்று எளிதாக இல்லை. வளைவிலிருந்து வெளியேறும் கணத்தில் எஞ்சின் மூச்சடைத்து நின்ற அனுபவம் அக்கால ஓட்டுநர்கள் பலருக்கும் உண்டு. "அணைத்தால்தான் வேகம்" என்ற நம்பிக்கையின் வேர் இங்கே இருக்கிறது. அந்தக் கார்களைப் பொறுத்தவரை அது சரியான நம்பிக்கையே.

1995-இல் மெர்சிடிஸ் எஸ் 600 கூபேயில் இஎஸ்சி எனப்படும் நிலைத்தன்மைக் கட்டுப்பாடு வந்தது. பாஷ் நிறுவனத்தின் ஆன்டன் ஃபான் சான்டென் தலைமையில் உருவானது அது. சக்கரம் வழுக்குகிறதா என்பதோடு, கார் ஸ்டீயரிங் சொன்ன திசையில் திரும்புகிறதா என்பதையும் அது அளந்தது. திரும்பாவிட்டால் தனித்தனிச் சக்கரத்தில் பிரேக் போட்டுக் காரை நேராக்கியது. 1997-இல் ஸ்வீடனின் ஒரு வாகன இதழ் நடத்திய திடீர்த் தடுப்புச் சோதனையில் மெர்சிடிஸ் ஏ-கிளாஸ் கவிழ்ந்ததும், நிறுவனம் அந்தச் சிறிய காரின் எல்லா வகைகளிலும் இஎஸ்சியைப் பொருத்தியது. ஆடம்பரக் காரின் அணிகலனாக இருந்தது பொதுச்சொத்தாக மாறத் தொடங்கியது அப்போதுதான்.

இதனால் வாதத்தில் ஒரு குழப்பமும் புகுந்தது. பெரும்பாலான கார்களில் டிராக்‌ஷன் கண்ட்ரோலுக்கும் இஎஸ்சிக்கும் ஒரே பொத்தான். ஒருமுறை அழுத்தினால் சில கார்களில் டிராக்‌ஷன் கண்ட்ரோல் மட்டும் நிற்கும். சில நொடிகள் அழுத்திப் பிடித்தால் இஎஸ்சியும் நிற்கும். வேறு சிலவற்றில் "அணைந்தது" என்று விளக்கு எரிந்தாலும் உள்ளே ஒரு பகுதி விழித்தே இருக்கும். ஒருவர் "அணைத்து ஓட்டினேன்" என்று சொல்லும்போது எதை அணைத்தார் என்று கேட்காமல் அவருடைய முடிவை ஏற்பது ஆபத்து.

இயந்திரமே மேல் என்போர்

பொறியாளர் தரப்பின் வாதம் எளிமையானது, வலுவானது. வழுக்கலை மனிதன் உணர்ந்து, காலை நகர்த்தி, எஞ்சின் பதில் சொல்வதற்குள் நொடியில் ஐந்தில் ஒரு பங்காவது கழிந்துவிடும். கணினி சில மில்லி நொடிகளுக்கு ஒருமுறை நான்கு சக்கரங்களையும் பார்க்கிறது. மனிதனுக்கு ஒரே ஓர் ஆக்சிலரேட்டரும் ஒரே ஒரு பிரேக் மிதியும்தான். இடப்பின் சக்கரத்துக்கு மட்டும் பிரேக் போட அவனால் முடியாது.

இந்தக் கடைசிச் செய்தி பலர் கவனிக்கத் தவறுவது. சாதாரண டிஃபரென்ஷியல் உள்ள காரில் உள்சக்கரம் காற்றில் எழும்பிச் சுழன்றால் விசையெல்லாம் அங்கேயே வீணாகும். அந்தச் சக்கரத்துக்கு மென்மையாகப் பிரேக் போட்டு விசையை வெளிச்சக்கரத்துக்குத் திருப்புவது மின்னணுக் கட்டுப்பாடே. 2009 வாக்கில் ஃபோக்ஸ்வாகன் கோல்ஃப் ஜிடிஐயில் வந்த எக்ஸ்டிஎஸ் இந்த வழியில் இயங்குவது. இத்தகைய உதவியை முற்றாக இழந்த கார் வளைவிலிருந்து வெளியேறும்போது மெதுவாகவே போகும், ஓட்டுபவர் எவ்வளவு தேர்ந்தவரானாலும்.

ஆனால் இந்தத் தரப்பு சொல்லாமல் விடுவதும் உண்டு. கணினியின் வேகம் வேறு, கணினிக்குக் கொடுக்கப்பட்ட இலக்கு வேறு. சாலைக் காரின் மென்பொருளை எழுதுகிறவர் தேய்ந்த டயரையும் மழையையும் களைத்த ஓட்டுநரையும் கணக்கில் எடுத்தாக வேண்டும். அதனால் உச்சப் பிடிமானத்துக்கு வெகுமுன்பே எல்லையை வைக்கிறார். நல்ல டயர் மாட்டிய காய்ந்த தளத்தில் அந்த எல்லை வேகத்தைத் தின்றுவிடுகிறது. பிரேக் வழியான தலையீடு பந்தயத் தளத்தில் அரைமணி நேரம் தொடர்ந்தால் பிரேக் பேடுகள் சூடேறித் தேய்வதும் ஓட்டுநர்களுக்கு நன்கு தெரிந்த இழப்பு. மணலிலும் ஆழமான பனியிலும் நிலைமை தலைகீழ்: அங்கே சக்கரம் நிறையச் சுழன்றால்தான் கார் நகரும். சிக்கிக்கொண்ட காரை விடுவிக்க டிராக்‌ஷன் கண்ட்ரோலை அணைக்கும்படி பல கார்க் கையேடுகளே சொல்கின்றன.

ஃபார்முலா ஒன் தந்த விடை

தேர்ந்த ஓட்டுநருக்கும் கணினி உதவுமா என்பதற்கு இருக்கும் மிக நல்ல சான்று ஃபார்முலா ஒன். அங்கே நிபுணத்துவத்தைக் குறைசொல்ல முடியாது. இலக்கும் ஒன்றே ஒன்று, சுற்று நேரம். 1992-இல் வில்லியம்ஸ் எஃப்டபிள்யூ14பி, தானியங்கும் சஸ்பென்ஷனோடும் டிராக்‌ஷன் கண்ட்ரோலோடும் வந்து அந்த ஆண்டின் இரு பட்டங்களையும் அள்ளியது. அடுத்த ஆண்டு வந்த எஃப்டபிள்யூ15சியும் அப்படியே. 1994 முதல் ஓட்டுநர் உதவிகள் எல்லாம் தடைசெய்யப்பட்டன.

தடையின் பின்கதை தடையைவிடப் பாடம் நிறைந்தது. 1994 முழுவதும் பெனட்டன் அணி மறைவாக இந்த உதவிகளைப் பயன்படுத்துகிறது என்ற சந்தேகம் தொடர்ந்தது. பந்தய ஆட்சிமன்றமான எஃப்ஐஏ அமர்த்திய மென்பொருள் ஆய்வு நிறுவனம் அதன் நிரலைச் சோதித்தபோது, திரையில் தெரியாத ஒரு மெனுத் தெரிவுக்குள், புறப்பாட்டில் சக்கரச் சுழற்சியைக் கட்டுப்படுத்தும் லாஞ்ச் கண்ட்ரோல் இருந்தது. பந்தயத்தில் அது பயன்பட்டது என்று நிறுவ முடியவில்லை. நிரலுக்குள் ஒளிந்திருப்பதைக் கண்டுபிடிக்க முடியாதபோது தடை நேர்மையானவனைத் தண்டிப்பதாகிவிடும். இந்த நியாயத்தில்தான் 2001 ஸ்பெயின் பந்தயத்திலிருந்து டிராக்‌ஷன் கண்ட்ரோல் திரும்ப அனுமதிக்கப்பட்டது. 2008-இல் எல்லா அணிகளுக்கும் ஒரே கட்டுப்பாட்டுக் கணினி கட்டாயமானதும் தடை மீண்டும் வந்தது, இன்றுவரை நிற்கிறது. கோயம்புத்தூரின் நரேன் கார்த்திகேயன் இந்த இரு காலத்திலும் ஃபார்முலா ஒன்னில் ஓட்டியவர்: 2005-இல் ஜோர்டான் அணியில் டிராக்‌ஷன் கண்ட்ரோல் சட்டப்படி உண்டு, 2011, 2012-இல் எச்ஆர்டி அணியில் இல்லை.

இதிலிருந்து எடுக்கக்கூடிய முடிவு தெளிவானது. உதவி வேகத்தைக் குறைக்கும் என்றால் அதை ஒளித்துவைக்க எந்த அணிக்கும் தேவையில்லை. பந்தயத்துக்கென்று எழுதப்பட்ட டிராக்‌ஷன் கண்ட்ரோல் உலகின் தலைசிறந்த ஓட்டுநர்களுக்கும் பயன்பட்டது. தடை வந்தது விளையாட்டுத்தன்மைக்காக. 2006-இல் பிறந்த ஜிடி3 பந்தய வகுப்பு எதிர்வழியில் போனது. அங்கே தொழில்முறை வீரரும் வார இறுதியில் ஓட்டும் தொழிலதிபரும் ஒரே காரைப் பகிர்ந்து ஓட்டுகிறார்கள். ஏபிஎஸ், டிராக்‌ஷன் கண்ட்ரோல் இரண்டும் அனுமதி. ஸ்டீயரிங்கிலேயே ஒரு திருகு இருக்கும். டயர் தேயத் தேய, மழை தூற, ஓட்டுநர் அளவை ஏற்றி இறக்குவார்.

ஆனால் இந்தச் சான்றைச் சாலைக் காருக்கு அப்படியே இழுத்துவரக் கூடாது. ஃபார்முலா ஒன் காரின் மென்பொருள் ஒரே வகை டயருக்கும் ஒரே தளத்துக்கும் அன்று காலை சரிசெய்யப்பட்டது. கடையில் வாங்கும் கார் பாலைவனத்திலும் பனியிலும் ஒரே மென்பொருளோடு ஓட வேண்டியது.

அணைத்தால்தான் கற்க முடியும் என்போர்

மூன்றாவது தரப்பு வேகத்தைப் பற்றிப் பேசுவதில்லை, கற்றலைப் பற்றிப் பேசுகிறது. கணினி தவறுகளை மறைத்துவிடுகிறது; முரட்டுத்தனமாக மிதித்தாலும் கார் வழிக்கு வந்துவிடுவதால் கால் பழகுவதில்லை; ஆகவே அணைத்துக் கற்க வேண்டும் என்பது இவர்கள் வாதம். பல பந்தயப் பள்ளிகளின் மரபும் இதுவே. கேட்க நியாயமாகத் தோன்றும். இதற்கு நேரான ஆய்வுச் சான்று மெலிந்தது. பக்கத்துத் துறையிலிருந்து வரும் சான்றோ எச்சரிக்கிறது.

நார்வேயில் 1979-இல் புதிய ஓட்டுநர்களுக்கு வழுக்குத் தளப் பயிற்சி கட்டாயமானது. 1988-இல் வெளிவந்த மதிப்பீட்டின்படி, பயிற்சி பெற்ற இளைஞர்களிடையே வழுக்குச் சாலை விபத்துகள் கூடியிருந்தன. சறுக்கும் காரை மீட்கத் தெரியும் என்ற துணிவு, சறுக்கும் வேகத்துக்கே அவர்களைக் கொண்டுபோயிருக்கலாம் என்பது ஏற்றுக்கொள்ளப்பட்ட விளக்கம். 1996-இல் ஸ்வீடனின் கிரெகர்சன் செய்த சோதனை இன்னும் கூர்மையானது. ஒரு குழுவுக்குத் திறன் பயிற்சி, மற்றொன்றுக்குத் தம் திறனின் எல்லையை உணர்த்தும் பயிற்சி. சோதித்தபோது இரு குழுக்களின் திறனும் ஏறக்குறைய ஒன்றே. திறன் பயிற்சி பெற்றவர்கள் மட்டும் தங்களைக் கூடுதலாக மதிப்பிட்டார்கள்.

இந்த ஆய்வுகள் சாலை ஓட்டுநர்களைப் பற்றியவை, குறுகிய காலப் பயிற்சியைப் பற்றியவை. பல ஆண்டுகள் பயிற்றுநரோடு தளத்தில் உழைப்பவருக்கு அவற்றை நீட்டுவதில் தயக்கம் வேண்டும். ஆயினும் "அணைத்துப் பழகினால் திறன் தானே வரும்" என்று சொல்கிறவர்கள்தான் இப்போது சான்று காட்டக் கடமைப்பட்டவர்கள் என்றே படுகிறது. குறைந்த வேகத்தில், நனைத்த தளத்தில், சுற்றிலும் மோத ஒன்றுமில்லாத இடத்தில் அணைத்துப் பழகுவது ஒன்று; சுவருள்ள தளத்தில் முதல் நாளே பொத்தானை அழுத்துவது முற்றிலும் வேறு. இந்த வேறுபாட்டைச் சொல்லாமல் அறிவுரை தருவது பொறுப்பற்றது.

பொதுச்சாலை: இங்கே வாதம் ஏறக்குறைய முடிந்துவிட்டது

பாதுகாப்புக் கருவி ஓட்டுநரை அலட்சியமாக்கும் என்ற ஐயம் 1970-களிலிருந்தே உண்டு. கனடிய உளவியலாளர் ஜெரால்ட் வைல்ட் அதை ஒரு கோட்பாடாகவே வளர்த்தார்: மனிதன் தனக்கு ஏற்ற அளவு ஆபத்தைத் தேடிக்கொள்வான், கருவி குறைத்ததை வேகத்தால் ஈடுசெய்வான். மியூனிக் டாக்சிகளில் நடந்த ஏபிஎஸ் ஆய்வு இதற்கு வலுவூட்டியது. ஏபிஎஸ் உள்ள டாக்சிகளின் விபத்துகள் குறையவில்லை, ஓட்டும் முறை முரடானது.

இஎஸ்சி விஷயத்தில் மட்டும் இந்தக் கோட்பாடு தோற்றது. அமெரிக்கக் காப்பீட்டு நிறுவனங்களின் சாலைப் பாதுகாப்பு ஆய்வகமான ஐஐஎச்எஸ் 2006-இல் கண்டது, உயிர்ப்பலி கொள்ளும் தனிவாகன விபத்துகளின் அபாயம் 56 விழுக்காடு குறைந்தது என்பது. ஏபிஎஸ் ஓட்டுநர் மிதித்த பிறகே வேலை செய்கிறது. இஎஸ்சி அவர் உணர்வதற்கு முன்பே செய்கிறது. வேறுபாட்டுக்கு இதுவே காரணமாக இருக்கலாம். அமெரிக்க அரசின் என்எச்டிஎஸ்ஏ, எல்லா வாகனங்களிலும் வந்துவிட்டால் ஆண்டுக்கு 5,300 முதல் 9,600 உயிர்கள் காக்கப்படும் என்று மதிப்பிட்டு 2007-இல் விதியை வெளியிட்டது. 2012 மாடலிலிருந்து அங்கே எல்லா இலகுரக வாகனங்களுக்கும் இஎஸ்சி கட்டாயம். அணைக்கும் பொத்தான் வைக்க விதி இடம்கொடுக்கிறது. ஆனால் ஒவ்வொரு முறை காரை மறுபடி கிளப்பும்போதும் கட்டுப்பாடு தானே திரும்ப வந்துவிட வேண்டும். பொத்தானை ஒழிக்காமல் அதன் ஆயுளைச் சுருக்கிய நல்ல ஏற்பாடு இது.

இந்தியாவில் தளத்தில் ஓட்டுகிறவரின் காப்பீட்டு, சட்ட நிலையையும் சொல்லியாக வேண்டும். இங்கே மோட்டார் காப்பீட்டுப் பத்திரங்களில் ஒழுங்கமைக்கப்பட்ட பந்தயமும் வேகச் சோதனையும் பொதுவாக விலக்கப்பட்டவை. இருங்காட்டுக்கோட்டைப் பந்தயத் தளத்திலோ கோவை கரி தளத்திலோ சொந்தக் காரை இறக்கும்போது சேதம் பெரும்பாலும் உரிமையாளர் தலையில்தான். பொதுச்சாலையில் பந்தயமோ வேகச் சோதனையோ நடத்தினால் அது மோட்டார் வாகனச் சட்டத்தின் 189-ஆவது பிரிவின்படி குற்றம்.

இடைவழி

கடந்த இருபது ஆண்டுகளில் உற்பத்தியாளர்கள் "உண்டா இல்லையா" என்ற கேள்வியை "எவ்வளவு" என்று மாற்றிவிட்டார்கள். 2004-இல் ஃபெராரி எஃப்430-இன் ஸ்டீயரிங்கில் வந்த மனெட்டினோ திருகு பனியிலிருந்து பந்தயம் வரை படிகளை வைத்தது. 2010 கார்வெட் இசட்ஆர்1, தளத்துக்கென்றே ஐந்து நிலைகள் கொண்ட ஏற்பாட்டைத் தந்தது. மெர்சிடிஸ் ஏஎம்ஜி ஜிடி-ஆரில் ஒன்பது நிலைகள், அண்மைய பிஎம்டபிள்யூ எம்3-இல் பத்து. 2013-இல் ஃபெராரி 458 ஸ்பெச்சாலே, கார் பக்கவாட்டில் எத்தனை கோணம் சறுக்கலாம் என்பதையே கட்டுப்படுத்தியது.

இவற்றின் கீழ்நிலைகளில் எழுதப்பட்ட மென்பொருள் இலக்கு, பந்தயத்தின் இலக்கை நெருங்குகிறது. பழைய வாதத்தின் இரு தரப்புக்கும் இதில் வெற்றி உண்டு. ஆனால் ஓட்டுநர் எந்தப் படிக்குத் தகுதியானவர் என்று முடிவு செய்வது அவரே. தன்னைக் கூடுதலாக மதிப்பிடுவது பற்றி ஸ்வீடன் சோதனை சொன்னது இங்கே நேரடியாகப் பொருந்துகிறது. பொறுப்பு யாருடையது என்பதும் தெளிவில்லை. 2008-இல் அமெரிக்காவில் அறிமுகமான நிஸான் ஜிடி-ஆரின் அதிவேகப் புறப்பாட்டு வசதிக்கு நிலைத்தன்மைக் கட்டுப்பாட்டை அணைக்க வேண்டியிருந்தது. கையேடோ, சேற்றிலும் பனியிலும் சிக்கினால் தவிர அணைக்க வேண்டாம் என்றது. கியர்பெட்டி உடைந்தவர்களுக்கும் நிறுவனத்துக்கும் இடையே உத்தரவாதச் சண்டை மூண்டது.

தீராதவை

இப்போதைய சான்றுகளை வைத்து எச்சரிக்கையோடு இவ்வளவு சொல்லலாம். பழைய, ஒரே நிலை கொண்ட, பிரேக்கையும் எஞ்சினையும் முரட்டுத்தனமாக அடக்கும் கட்டுப்பாடுள்ள காரை, காய்ந்த தளத்தில், தேர்ந்த ஓட்டுநர் அணைத்து ஓட்டினால் நேரம் குறைய வாய்ப்பு அதிகம். பந்தய இலக்கோடு எழுதப்பட்ட புதிய கட்டுப்பாட்டை அணைத்தால், நிபுணரைத் தவிர மற்றவர்களுக்கு நேரம் கூடவே வாய்ப்பு அதிகம். நடுவில் இருக்கும் பெரும்பாலான கார்களுக்கும் பெரும்பாலான ஓட்டுநர்களுக்கும் விடை உறுதியாக இல்லை. தளத்தில் ஒருவர் முதலில் விட்டுவைத்தும் பிறகு அணைத்தும் ஓட்டினால், இரண்டாம் முறை டயர் சூடாகியிருக்கும், தளமும் பழகியிருக்கும். வாய்வழி ஒப்பீடுகளில் பெரும்பாலானவை இந்தக் குறையைக் கடப்பதில்லை.

மின்சாரக் கார்கள் கணக்கை மறுபடி மாற்றுகின்றன. எஞ்சினில் கலவை எரிந்து முடியக் காத்திருக்கும் தாமதம் மோட்டாரில் இல்லை. டோக்கியோ பல்கலைக்கழகத்தின் யோய்ச்சி ஹோரி குழு இருபதாண்டுகளுக்கு முன்பே இதைச் சுட்டிக்காட்டியது. பிஎம்டபிள்யூ தன் ஐ3எஸ் காரில் வழுக்கல் கட்டுப்பாட்டை மோட்டாரின் கட்டுப்பாட்டுக் கணினிக்குள்ளேயே வைத்தது. 2019-இல் ஸ்டான்ஃபோர்ட் ஆய்வாளர்களின் தானியங்கி டெலோரியன், தானாகவே சறுக்கிச் சறுக்கி ஒரு தடத்தை முடித்தது. சறுக்கலைத் தடுக்கும் கணினி போய், சறுக்கலை ஆளும் கணினி வந்துகொண்டிருக்கிறது. அது சாலைக் காருக்குள் வரும்போது, இன்று அணைத்து ஓட்டுகிறவர் தேடும் உணர்வைக் கணினியே கையளிக்கக்கூடும். அப்படிப் பழகிய ஓட்டுநரின் காலில் திறன் வளருமா, தளருமா என்பதை இதுவரையிலான எந்த ஆய்வும் அளந்து தீர்க்கவில்லை. அளப்பதற்குத் தேவையான சக்கர வேகமும் மிதியழுத்தமும் இன்றைய கார்கள் பெரும்பாலானவற்றில் உணரிகளால் ஏற்கெனவே அளக்கப்பட்டுக்கொண்டிருக்கின்றன.